தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் தொடங்கும் குழு: மலக்குழி மரண வழக்கில் எங்கே கோட்டை விடுகிறோம்?

கீழத்தெரு (கேள்வி)

வணக்கம். எங்கள் நகராட்சியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை மரணங்களில் குடும்பத்துக்குத் துணை நிற்க ஒரு குழு தொடங்குகிறார்கள். அநேகமாக எல்லாருமே தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள், இரண்டு பேர் சட்டம் படிக்கிறார்கள். கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் பெஜவாடா வில்சன் மாதிரி செய்ய வேண்டும் என்கிறார்கள். வேகம் நிறைய இருக்கிறது. இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இந்தப் பின்னணி வேலையில் உண்மையாகவே எங்கே உதவும்? ஒரு மரணம் நடந்துவிட்டால் முதல் சில நாளில் என்ன செய்ய வேண்டும்?

தங்கவயல்

வில்சன் 1966இல் கோலார் தங்கவயலில், மலம் அள்ளும் தொழிலில் இருந்த குடும்பத்தில் பிறந்தவர். எந்த லைனில் எடுப்புக் கக்கூஸ் (ஆள் வந்து கையால் மலம் அள்ளும் கழிப்பறை) இருக்கிறது என்பது அங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டார். பிள்ளைகள் படிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். படம் எடுத்தார், கடிதம் எழுதினார். 1993இல் தடைச் சட்டம் வந்த பிறகும் பல மாநிலங்கள் 'எங்களிடம் அப்படி எதுவும் இல்லை' என்றே சொல்லிவந்தன. 2003இல் அவருடைய அமைப்பான சஃபாய் கர்மசாரி ஆந்தோலனும் வேறு அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு (583/2003) போட்டபோது அந்த மறுப்பை உடைத்தவை படங்களும், களத்தில் திரட்டிய விவரங்களும். தீர்ப்பு வந்தது 2014 மார்ச் 27இல். இதற்கு நடுவே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே, மனிதர் மலம் அகற்றும் கழிப்பறைகள் 7.94 லட்சம் என்று காட்டியது.

உங்கள் ஆட்களின் பின்னணி உதவும் இடம் சாவு வீடு. 'அவராத்தான் இறங்கினார்' என்று குடும்பமே போலீசிடம் சொல்லும், ஏனென்றால் அதே காண்ட்ராக்டரிடம்தான் மச்சானும் தம்பியும் வேலை பார்ப்பார்கள். நம்ம வீட்டுப் பிள்ளை கேட்டால்தான் யார் போன் செய்தது, எவ்வளவு கூலி பேசியது, லாரி யாருடையது என்பதெல்லாம் வெளியே வரும். ஆபத்தும் அங்கேயேதான். மேஸ்திரி சொந்தக்காரராக இருப்பார். அவரைக் காப்பாற்றப்போய் வாக்குமூலத்தை மழுப்பினால் மேலே இருக்கும் காண்ட்ராக்டரும் தப்பிவிடுவார். மேஸ்திரிமேல் மட்டும் வழக்கு போனாலும் அதே கதிதான். உறவு இருக்கிற ஆள் அந்த வீட்டில் விவரம் எழுதக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குக்கட்டு

முதல் நாள் வேலையைச் சொல்கிறேன்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194இல் (பழைய 174) சந்தேக மரணம் என்று பதிந்து முடித்துவிடுவார்கள். யார் அழைத்தார், யார் மூடியைத் திறந்தார், எத்தனை அடி ஆழம், கயிறு, முகக்கவசம் கொடுத்தார்களா, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். 'தவறி விழுந்தார்' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். வேலைக்கு இறக்கினார்கள் என்பதுதான் வழக்கு.

கேட்க வேண்டிய பிரிவுகள்: கையால் மலம் அள்ளும் பணியாளர் தடைச் சட்டம் 2013இன் 7 (சாக்கடை, தொட்டியில் ஆளை இறக்கத் தடை), 9 (அதை மீறினால் தண்டனை). கூடவே பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 105 (கொலையாகாத மரணம் விளைவித்தல்), குறைந்தபட்சம் 106 (அலட்சியத்தால் மரணம்). இறந்தவர் பட்டியல் சாதியாகவும் வேலைக்கு வைத்தவர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைச் சட்டம் 3(1)(ஜே), அதாவது கையால் மலம் அள்ள வைப்பது. சாக்கடை வேலைக்கு அது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். வாதாடட்டும், எஃப்.ஐ.ஆரில் சேராவிட்டால் அந்த வாதத்துக்கே இடமில்லை. 106 மட்டும் போட்டால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்துவிடும். 2013 சட்டக் குற்றங்கள் 22ஆம் பிரிவின்படி ஜாமீனில் விட முடியாதவை, அதனால்தான் அதைச் சேர்க்கத் தயங்குவார்கள்.

'அப்புறம் பிரிவை மாற்றிக்கலாம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். 2013 சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் போயிருந்தால்தான் நீதிமன்றம் இந்தச் சட்டத்தில் விசாரணைக்கு எடுக்கும். பல வழக்குகள் சாகிற இடம் இதுதான். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் (பி.என்.எஸ்.எஸ். 173(4)), அதுவும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு (175(3)).

பிணவறை வாசலிலேயே காண்ட்ராக்டர் ஆள் கவரோடு வருவார். வெற்றுத் தாளிலோ முத்திரைத் தாளிலோ யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த நேரத்தில் குடும்பத்தோடு ஓர் ஆள் நின்றாலே பாதி வேலை முடிந்தது.

ஆள்நுழைகுழி

சட்டத்துக்கு முன்னால் ஒன்று. இரண்டாவது, மூன்றாவது சாவு காப்பாற்றப் போய்த்தான் நடக்கிறது. கழிவு கிடக்கும்போது அமைதியாக இருக்கும். கிளறியதும் அதில் அடைபட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியே வரும். காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்து, அழுகிய முட்டை நாற்றம் தெரியாமல் போகும். 'நாத்தம் போயிடுச்சு' என்று இறங்குவது அப்போதுதான். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம், 1000 பக்கம் போனால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இன்னும் மோசம், மீத்தேன் இருந்தால் வெடிக்கும். துணியோ சாதாரண மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது. உங்கள் குழு தெருவில் சொல்ல வேண்டியது ஒன்றே: உள்ளே விழுந்தால் யாரும் பின்னால் இறங்காதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கீழத்தெரு

மிக்க நன்றி. தனியார் வீட்டுத் தொட்டியில் இறந்தால் இழப்பீடு கிடையாது என்று நகராட்சியில் சொல்கிறார்களே?

வழக்குக்கட்டு

2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு தனிநபர், உள்ளாட்சி, ஏஜென்சி மூவரையும் கட்டுப்படுத்துகிறது, நேரடியாக வைத்தாலும் மறைமுகமாக வைத்தாலும். தனியார் குடியிருப்பில் நடந்த மரணத்துக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பொறுப்பானவரிடம் வசூலிக்கலாம் என்று மும்பை உயர்நீதிமன்றம் 2021இல் சொன்னது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். தொகை உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பில் 10 லட்சம். அதே நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். முன்பே இறந்து இன்னும் எதுவும் வாங்காத குடும்பத்துக்கும் அந்த 30 லட்சம் உண்டு. வழக்கில் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனு கலெக்டருக்கு. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இணைக்க வேண்டும். இழுப்பது கடைசியில் சொன்னதுதான், காரியம் முடிந்த கையோடு தாலுகாவில் மனுப் போட்டுவிடுங்கள்.

நடுவீதி

இன்னொன்று. பத்திரிகைக்காரர்கள் குழுவில் இருக்கும் பிள்ளைகளின் குடும்பக் கதையைத்தான் கேட்பார்கள். பள்ளியிலும் வாடகை வீட்டிலும் சாதி தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். சொல்லலாமா என்று அந்தந்த ஆள்தான் முடிவு செய்ய வேண்டும், குழு முடிவு செய்யக் கூடாது. இறந்தவர் குழந்தைகளின் பெயர், படம், பள்ளி எதையும் கொடுக்காதீர்கள். நிருபருக்கு எஃப்.ஐ.ஆர். எண்ணும், விட்டுப்போன பிரிவுகளின் பட்டியலும் போதும்.