சென்னைக் கடலுக்கு 3 மிமீ வெட்சூட் போதுமா?

கேள்வி: கோவளம் பக்கம் டைவிங் கத்துக்கிறேன். சொந்தமா வெட்சூட் (தண்ணியில உடம்புச் சூடு போகாம காக்குற ரப்பர் உடை) வாங்கணும். தடிமன் 3 மிமீயா, 5 மிமீயா? ஷார்ட்டி (அரைக்கை, அரைக்கால் சூட்) போதுமா?

பதில் 1: நம்ம தண்ணி பெரும்பாலும் 26–30 டிகிரிதான், 3 மிமீ தாராளம். ஆனா முழுநீளமா வாங்குங்க. ஷார்ட்டி போட்டா சொறிமீன் தொடையில இழுத்துட்டுப் போயிடும்.

பதில் 2: தடிமனைவிட அளவுதாங்க முக்கியம். போட்டுக்கிட்டு கையைத் தூக்குங்க, குந்துங்க. இடுப்புக்குப் பின்னாடி, அக்குள், கழுத்து மூணு இடத்துலயும் இடைவெளி கூடாது. அங்கதான் தண்ணி புகுந்து புகுந்து உடம்பு வெப்பத்தைக் கொண்டுபோகும். கழுத்து மட்டும் நெரிச்சா அதை வாங்காதீங்க, தலை சுத்தும். மத்தபடி காய்ஞ்ச சூட் இறுக்கமாத்தான் இருக்கும், நனைஞ்சா கொஞ்சம் இளகும்.

பதில் 3: புது சூட்னா, மிதக்காம இருக்கக் கட்டிக்கிற ஈய எடையையும் மறுபடி பாருங்க. சிலிண்டர்ல காத்து குறைஞ்சு 50 பார் அழுத்தம் இருக்கும்போது 5 மீட்டர்ல மேல எழும்பாம நிக்க முடியணும். 10 மீட்டர்ல அழுத்தம் இரண்டு மடங்கு, சூட்டோட நியோப்ரீன் ரப்பர்ல இருக்கிற காத்துக் குமிழிகள் சுருங்கி மிதப்பும் குறையும், கதகதப்பும் குறையும். 5 மிமீல இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம், கத்துக்கிறவங்களுக்கு வீண் தலைவலி.

அப்புறம், நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுங்க. மொட்டைமாடி வெயில் பட்டா ரப்பர் விறைச்சு வெடிச்சிடும்.