மறு: எண்டரோடைப் – குடல்வகையா, குடல்திணையா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். குடலில் எந்த நுண்ணுயிர் ஓங்கியிருக்கிறது என்பதை வைத்து மனிதரை வகைப்படுத்தும் 'எண்டரோடைப்' (enterotype) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன வைப்பது என்ற பேச்சுக்கு இது என் மறுமொழி.

> 'குடல்வகை' போதுமே, எல்லாருக்கும் உடனே விளங்கும்.

உடனே விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். குடலிலேயே பல வகை உண்டு என்று படிப்பவர் எண்ணுவார். இங்கே வகைப்படுவது அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம். 2011-இல் நேச்சர் இதழில் இச்சொல்லை முன்வைத்தவர்கள் பாக்டீராய்ட்ஸ், பிரிவோடெல்லா, ருமினோகாக்கஸ் ஆகிய மூன்று பாக்டீரியாப் பேரினங்களில் எது ஓங்கியிருக்கிறது என்று பார்த்தே பிரித்தார்கள்.

'குடல்திணை' என்பது என் முன்மொழிவு. திணை என்றதும் நிலத்தோடு அங்குள்ள உணவும் உயிர்களும் தொழிலும் சேர்ந்தே வருகின்றன. நமக்கு வேண்டிய பொருளும் அதுதான். 2010-இல் வந்த ஆய்வொன்றில், நார்ச்சத்து மிகுந்த உணவு உண்ணும் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் சிற்றூர்க் குழந்தைகளிடம் பிரிவோடெல்லா மிகுந்திருந்தது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரக் குழந்தைகளிடம் அப்படி இல்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களில், ஆராயப்பட்ட பெரியவர்களிடம் பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியா தென்படவே இல்லை.

> திணை என்றால் நாட்டுக்கொரு வகை என்று ஆகிவிடாதா?

நல்ல கேள்வி. இவ்வகைகள் எந்த நாட்டுக்கும் கண்டத்துக்கும் தனியுரிமை அல்ல என்று 2011 கட்டுரையே சொல்கிறது. குறிஞ்சியும் ஒரு நாட்டின் பெயரன்று. மலையும் மலைசார்ந்த இடமும் எங்கிருந்தாலும் குறிஞ்சிதான். இன்னொன்று: வகைகளுக்கிடையே வெட்டினாற்போன்ற எல்லை கிடையாது, ஒன்று மற்றொன்றில் கலந்தே செல்கிறது என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்புக்கும் நம்மிடம் சொல் ஆயத்தமாக இருக்கிறது: திணைமயக்கம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹ்மாங், கரென் மக்களிடம் பிரிவோடெல்லா தளர்ந்து பாக்டீராய்ட்ஸ் ஏறியதை 2018 ஆய்வு காட்டியது. அதை எழுதும்போது 'குடல்வகை மாற்றம்' என்பதைவிடக் 'குடல்திணை மயக்கம்' எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

ஜப்பானியர் குடல் பற்றிய செய்தியை மட்டும் இச்சொல்லில் அடக்க முடியாது. கடற்பாசியின் கூட்டுச்சர்க்கரையைச் சிதைக்கும் மரபணு, கடல் பாக்டீரியாவிலிருந்து அவர்களுடைய குடல் பாக்டீரியாவுக்குத் தாவியிருக்கிறது. அங்கே எந்த உயிர் ஓங்கியது என்பதன்று செய்தி. அதனிடம் என்ன மரபணு சேர்ந்தது என்பதே. அதற்கு 'குடல் நுண்ணுயிர் மரபணுத்தொகை' என்று தனிப்பதிவு போடுவோம். இரண்டையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வைக்க வேண்டாம் என்று அகராதிப் பிரிவினரை வேண்டுகிறேன்.