இறால் ஆலையில் தோல் உரிக்கும் பிரிவில் ஆட்கள் நிலைக்க என்ன செய்யலாம்?

முத்துநகர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் இறாலையும் கணவாயையும் உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். தோல் உரிக்கும் பிரிவில் சேரும் பெண்களில் பலர் முதல் சம்பளம் கைக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். புதியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் சுகாதாரப் பயிற்சியும் முடித்து, வால் ஒடியாமல் உரிக்கவும் முதுகுக் குடலை அறுபடாமல் இழுக்கவும் கை பழகி வரும் நேரத்தில் அவர்களும் போய்விடுகிறார்கள். அக்கம்பக்கத்து ஆலைகளைவிடக் கூலி குறைவில்லை. மாதந்தோறும் சிறந்த ஊழியர் விருதும் பொங்கலுக்குப் புடவையும் கொடுக்கிறோம். வேறு என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஐஸ்பெட்டி:

பல ஆண்டுகள் இதே துறையில் உற்பத்திப் பிரிவைக் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அந்த விருதை நிறுத்துங்கள். கிலோ கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில் கை வேகமுள்ள அதே மூன்று நான்கு பேர்தான் ஒவ்வொரு மாதமும் அதை வாங்குவார்கள். மற்றவர்களுக்கு அது எரிச்சல்தான்.

உண்மையான சிக்கல் காத்திருப்பில் இருக்கிறது. கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு ஆட்களை இறக்கிவிடும். பண்ணையிலிருந்து லோடு பதினொரு மணிக்குத்தான் வரும். அந்த நான்கு மணி நேரத்துக்குக் கிலோ கணக்கில் ஒரு பைசாவும் சேராது. லோடு வந்தபின் சரக்கு கெட்டுவிடும் என்று இரவு எட்டரை வரை நிறுத்திவைப்பார்கள். வீட்டில் பிள்ளையை விட்டு வந்தவர் இதை எத்தனை நாள் தாங்குவார்? காத்திருக்கும் நேரத்துக்கு மணிக்கூலி, நாளொன்றுக்கு உறுதியான குறைந்தபட்சத் தொகை, வேன் திரும்பும் நேரம் இன்னது என்ற உத்தரவாதம் ஆகியவற்றை முதலில் கொடுத்துப் பாருங்கள்.

நெய்தல்மகள்:

நான் உரிக்கும் மேசையில் தொடங்கி இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறேன். மேலே நண்பர் சொன்னது சரியே, ஆனால் கூலிக் கணக்கோடு அது முடிந்துவிடவில்லை. புதிதாக வரும் பெண்ணிடம் முதல் நாள் வாசலிலேயே வளையலைக் கழற்று, பூவை எடு, ஸ்டிக்கர் பொட்டைப் பிய் என்று பத்துப் பேர் முன்னால் அதட்டுகிறார்கள். இவை உணவில் விழக்கூடாது என்பது நியாயமான விதிதான். ஆனால் அதை முந்தைய நாளே தனியாக உட்காரவைத்து விளக்கி, பூட்டுள்ள ஒரு பெட்டியையும் கொடுத்தால் அந்த அம்மா அவமானப்பட்டு அழ வேண்டியதில்லை.

அடுத்தது விரல்கள். நாள் முழுவதும் ஐஸ் தண்ணீரிலும் குளோரின் தண்ணீரிலும் ஊறி நகக்கண் வெந்துபோகும். இறால் கொம்பு குத்திய இடம் சீழ் பிடிக்கும். கையில் புண் இருந்தால் சொல்ல வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது, சொன்னால் அன்றைய கூலி போகிறது. அதனால் மறைக்கிறார்கள். புண்ணோடு வருபவருக்குக் கூலி குறையாமல் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை கொடுங்கள். ஆளும் நிற்பார், சரக்கும் சுத்தமாக இருக்கும்.

சட்டக்குறிப்பு:

தொழிலாளர் சட்ட ஆலோசகன் என்ற வகையில் ஒன்றைச் சேர்க்கிறேன். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பண்ணை இறால் போதுமான அளவு வராத ஆலைகள் இக்காலத்தில் ஆட்களைக் குறைப்பதும், ஒப்பந்ததாரர் மாறி வேறு பெயரில் மறுபடி சேர்ப்பதும் வழக்கம். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் தடைக்காலமும் வந்து, இடையில் சில வாரங்கள் விடுபட்டும் போனால் பலருக்கு அந்த 78 எட்டாது. மாதாமாதம் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடித்தும் காய்ச்சலில் படுத்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பெண் ஊரில் என்ன சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதியில் ஓய்வூதியம் பெற பத்தாண்டுப் பணிக்காலம் தேவை என்பதால், ஒப்பந்ததாரர் மாறினாலும் பழைய யு.ஏ.என். எண்ணிலேயே (வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி அடையாள எண்) கணக்கு தொடர்கிறதா என்பதைப் பார்ப்பதும் உங்கள் பிரிவின் வேலைதான்.

முத்துநகர்வாசி:

மூவருக்கும் நன்றி. காத்திருப்புக் கூலியை நிர்வாகம் ஏற்குமா என்பதுதான் எனக்குள்ள தயக்கம். எப்படி எடுத்துச் சொல்வது?

ஐஸ்பெட்டி:

கூலியைப் பற்றித் தொடங்காதீர்கள். புதிய கைகள் உரித்த சரக்கில் வால் ஒடிந்தும் குடல் நின்றும் எவ்வளவு கிலோ தரம் இறங்கி விலை குறைந்தது என்பதைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் பதிவேட்டிலிருந்து மூன்று மாதத்துக்கு எடுங்கள். அதன் பக்கத்தில் காத்திருப்புக் கூலிக்கு ஆகும் தொகையை எழுதி முதலாளியிடம் கொண்டுபோங்கள்.