கும்பகோணம் பக்கம் பழைய வீடு: படுக்கையறைச் சுவரில் ஓதம், டைல்ஸ் ஒட்டலாமா?

கூடத்து ஊஞ்சல்:
வணக்கம். நானும் வீட்டுக்காரரும் போன சித்திரையில் சென்னையை விட்டு மாமனாரின் பூர்வீக வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டைக்குத்து மாடி (மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய கூரை), பதினாலு அங்குலச் சுண்ணாம்புச் சுவர். கூடத்தை ஒட்டிய இரண்டு அறைகளைப் படுக்கையறை ஆக்குகிறோம்.

கிழக்கு அறையில் பதினைந்து வருஷத்துக்கு முன்பே நாலடி உயரத்துக்கு சிமெண்ட் பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். அந்த அறையில்தான் ஓதம். படுத்தால் தலைமாட்டுச் சுவரிலிருந்து பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிந்து தலையணையில் விழுகிறது. உள்ளங்கையை வைத்தால் சில்லென்று ஈரம். எடுத்தால் கையெல்லாம் வெள்ளை உப்பு. மேற்கு அறையை யாரும் தொடவில்லை. சதுரச் செங்கல் பாவிய தரை, பழைய சுண்ணாம்புப் பூச்சு. அங்கே அடிச்சுவரில் லேசான கறை மட்டும்தான்.

பார்க்க வந்த காண்டிராக்டர் இரண்டு அறையிலும் பூச்சைக் கொத்திவிட்டு, கெமிக்கல் அடித்து, சுவரில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார். ஐப்பசி மழைக்குள் முடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மழைக்கு அத்தை வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வீசிங் உண்டு, அந்தக் கவலை இவருக்கு. எனக்கோ, கை வைக்காத அறை நன்றாக இருக்கும்போது அதை ஏன் உடைக்க வேண்டும் என்று மனசு கேட்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி இருவருக்கும் இரண்டு நாளாகப் பேச்சு சரியில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரணை:
அப்பா கொத்தனார், நானும் சுண்ணாம்பு வேலைதான் செய்கிறேன். தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

அந்தக் காலச் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் போய்விடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். டைல்ஸ் போட்டால் தரை வழியும் போச்சு. அப்புறம் ஈரம் சுவருக்குள்ளேயே ஏறி, கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகும். பெயிண்டைத் தள்ளுவது அந்த உப்புதான்.

மேற்கு அறையைத் தொடாதீர்கள். கிழக்கு அறையில் சிமெண்டை மட்டும் கொத்தி, செங்கல் தெரிய விடுங்கள். உப்பு பூக்கப் பூக்க ஈரமில்லாத பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். பதினாலு அங்குலச் சுவர் முழுதாகக் காய ஒரு வருஷம்கூட ஆகும், அதனால் ஐப்பசிக்குள் பூச்சு என்ற பேச்சே வேண்டாம். கோடையெல்லாம் காயவிட்டு ஆனியில் பூசுங்கள். சலித்த நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. வேலை சீக்கிரம் முடிகிறதென்று சிமெண்ட் கலக்க விடாதீர்கள். மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூசி, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் காக்க வேண்டும். பட்டி, பிளாஸ்டிக் பெயிண்ட் எதுவும் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

மன்னார்குடிக்காரி:
நாங்கள் அந்த டைல்ஸை ஒட்டினோம் அக்கா. இரண்டே வருஷத்தில் ஓதம் டைல்ஸுக்கு மேலே ஏறி, ஆறடிக்குப் போய்விட்டது. அதைப் பெயர்த்து எடுக்கும்போது செங்கலும் சேர்ந்து வந்தது. அண்ணனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு வழி: பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது.

கொல்லைக் கிணறு:
வெளியே போய்ப் பாருங்கள். எங்கள் தெருவில் சிமெண்ட் ரோட்டின் மேல் ரோடு போட்டு, நாலு படி ஏறிய திண்ணைக்கு இப்போது ஒரே படிதான். மழைத்தண்ணீர் சுவரோரம் நிற்கிறது. கொல்லைப் பக்கம் சுவரை ஒட்டி ஏறியிருக்கும் மண்ணை வெட்டி, தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுங்கள். உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைகளையும் பாருங்கள். கம்பியால் குத்தினால் பொதபொதவென்று இறங்கினால், முட்டுக் கொடுக்காமல் மாடியில் யாரும் ஏறக் கூடாது.

கூடத்து ஊஞ்சல்:
எல்லோருக்கும் நன்றி. தாளை ஒட்டினோம், சுவர்ப் பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு இவரே கடப்பாரையை எடுத்து, மூலையில் ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். அடியில் இருந்த கலவையைப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி விரல் பதிகிறது. அதற்குக் கீழே மேற்கு அறையில் இருக்கிற அதே சதுரச் செங்கல்! இவர் அதைத் துடைத்துவிட்டு, "சின்ன வயதில் இதில்தான் படுத்திருப்பேன்" என்றார். மற்ற டைல்ஸையும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே எடுக்கிறோம். அத்தைக்கு மேற்கு அறை. எங்களுக்கு ஆனி வரைக்கும் கூடம்.

கரணை அண்ணா, ஒரு சந்தேகம். கிழக்கு அறை மாடக்குழியில் மட்டும் விளக்குப் புகை படிந்த பழைய பூச்சு இருக்கிறது. அதையும் கொத்த வேண்டுமா?

கரணை:
விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கிற இடத்தை மட்டும் கொத்துங்கள். கெட்டியாகக் கேட்டால் புகையோடு அப்படியே இருக்கட்டும்.