11வது மாடி பிளாட்டுல பயர் டோர் மாத்தணும், கார்பெண்டர் சொல்றத கேக்கலாமா?

தண்டையார்பேட்டை_வாசி:
வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டை பக்கம் 14 மாடி அபார்ட்மெண்ட்ல 11வது மாடியில ஒரு பிளாட் ரீசேல்ல வாங்கியிருக்கோம், குடி போறதுக்கு முன்னாடி உள்வேலை ஓடுது. வாசக்கதவு இரும்பு, கிச்சன் கதவு மரம், ரெண்டுமே பயர் டோராம் (தீ பரவாம தடுக்குற கதவு), கீல் பக்கம் ஒரு குட்டித் தகடு அடிச்சிருக்கு, பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு அதுல என்ன எழுதியிருக்குன்னே படிக்க முடியல. வாசக்கதவு அடிப்பக்கம் உப்புக்காத்துல துரு ஏறி தொட்டாலே அப்பளம் மாதிரி உதிருது. கிச்சன் கதவு மழைக்கு ஊதிகிட்டு சாத்தவே மாட்டேங்குது. கார்பெண்டர் அண்ணன் சொல்றாரு, "தேக்கு அவ்ளோ சீக்கிரம் எரியாது சார், பழைய நிலையிலயே தேக்குக் கதவு மாட்டிடலாம், கிச்சன் கதவ ரெண்டு இழை இழைச்சா சரியாயிடும்"னு. மாமியாருக்கு வேற கதவுல கஜலட்சுமி செதுக்கி இருந்தே ஆகணும். பண்ணலாமா?

சைட்டுக்காரன்:
பண்ணாதீங்க. பில்டிங் சைட்ல கதவு மாட்டுறதுதான் நம்ம பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். பயர் டோர்னா வெறும் பலகை இல்ல சார். கதவு, நிலை, கீல், பூட்டு, கதவ தானா மூட வெக்கிற குளோசர், ஓரத்துல ஓடுற சீல் பட்டை எல்லாத்தையும் ஒண்ணா மாட்டி பர்னஸ்ல வெச்சு எரிச்சுப் பாத்துதான் இத்தன நிமிஷம்னு சர்ட்டிபிகேட் குடுக்குறான், நம்ம ஊர்ல அதுக்கு ஐஎஸ் 3614னு தனி ஸ்டாண்டர்டே இருக்கு. பழைய நிலையில வேற கதவ மாட்டுனா அந்த சர்ட்டிபிகேட்டுக்கு மதிப்பே இல்ல.

தேக்கு விஷயத்துல உங்க ஆளு சொல்றது பாதி சரி. கட்டியான மரம் மெதுவாதான் கரியாகும், நிமிஷத்துக்கு சுமாரா அரை மில்லிமீட்டர்லருந்து முக்கால் மில்லிமீட்டர் வரைக்கும். ஆனா செதுக்குன கதவுல பேனல் எவ்ளோ கனம்னு பாருங்க, செதுக்கிச் செதுக்கி சில எடத்துல 12 மில்லிதான் மிஞ்சும், அது இருபது நிமிஷத்துல ஓட்டை. அதுக்கு முன்னாடியே இடுக்கு வழியா புகை வந்துடும், நெருப்பு வந்து சேர்றதுக்குள்ள ஆள சாய்க்கிறது அந்தப் புகைதான்.

கிச்சன் கதவ இழைக்கவே கூடாது. ஓரத்துல ஒரு பட்டை இருக்கும் பாருங்க, சூடு 200 டிகிரி கிட்ட போனா அது பொங்கி இடுக்க அடைச்சுக்கும், இழைப்புளி வெச்சா மொதல்ல போறது அதுதான். அதுவுமில்லாம இப்ப மழைக்கு இழைச்ச கதவு மே மாசத்துல சுருங்கி இடுக்கு பெருசாயிடும். கீல் ஸ்க்ரூ லூசா இருந்து கதவு தொங்குதான்னு மொதல்ல பாருங்க, பாதி கேஸ் அதுதான். அப்புறம் கதவோட தலையிலயும் அடியிலயும் கை வெச்சுத் தடவிப் பாருங்க, பெயிண்டர் அங்க பிரஷ்ஷே காட்டியிருக்க மாட்டான், ஈரம் ஏறுறது அந்த வழியா. மழை விட்டு நல்லா காஞ்சதும் தலையிலயும் அடியிலயும் சீலர் அடிச்சா அடுத்த மழைக்கு இந்த ரோதனை இருக்காது. கதவுக்கும் நிலைக்கும் நடுவுல 3 மில்லி இடுக்கு இருந்தா போதும், ஒத்த ரூபா காசு ரெண்ட அடுக்கி சொருகிப் பாத்தா கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

வாசக்கதவு துரு ஏறிடுச்சுன்னா செட்டா மாத்துங்க, நிலையோட. நிலைக்கும் சுவத்துக்கும் நடுவுல சாதா போம் (நுரை) அடிச்சு மூடுவானுங்க, விடாதீங்க, அது குபுகுபுன்னு எரியும். சிமெண்ட் கலவையோ, ராக்வூல் (எரியாத கல் பஞ்சு) திணிச்சு மேல பயர் சீலன்டோ போடச் சொல்லுங்க, எதுன்னு கதவு கூட வர்ற பேப்பர்லயே இருக்கும். கீல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல இருக்கட்டும், நம்ம ஏரியா உப்புக்காத்துக்கு 316 கிரேடு கேளுங்க. மண்ணடியில மலிவா கெடைக்குதேன்னு அலுமினியம் கீல் எடுத்துடாதீங்க, அலுமினியம் 660 டிகிரியிலயே உருகிடும்.

நாலாவது_மாடி:
சைட்டுக்காரர் சொன்னதெல்லாம் ஓகே, ஆனா மொதல்ல அசோசியேஷன்ல எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்குங்க. நான் எங்க பில்டிங் செக்ரட்டரி. வாசக்கதவு உங்க வீட்டுக்குள்ள இருந்தாலும் அது காப்பாத்துறது லிப்ட் லாபியையும் மாடிப்படியையும், பயர் லைசென்ஸ் ரினியூவலுக்கு வர்றவங்க கேட்டா நாங்கதான் பதில் சொல்லணும். வேலை செய்யற அன்னிக்கு இன்னொரு விஷயம், பழைய நிலைய கிரைண்டர் போட்டு அறுப்பானுங்க, பொறி பறக்கும், லாபியில ஒயர் போற ஷாப்ட் பக்கத்துலயே இருக்கும், அத ஈரச்சாக்கு போட்டு மூடிட்டு ஒரு எக்ஸ்டிங்குஷர கைக்கெட்டுற தூரத்துல வெச்சுக்கோங்க. காலையில கழட்டுனா சாயந்தரத்துக்குள்ள புதுசு நிக்கணும், ராத்திரி திறந்து கெடக்கக் கூடாது. கதவு செம வெயிட்டு, மூணு ஆளு இல்லாம தூக்க விடாதீங்க.

புதுக்கதவு போட்டுட்டு குளோசர கழட்டி வெச்சிடாதீங்க. எங்க பில்டிங்ல மாடிப்படி கதவுக்கு மாசாமாசம் ஒரு வாட்டர் கேன் முட்டுக்குடுத்து நிக்குது, கேட்டா "காத்து வரல சார்"ங்கிறாங்க. என்பிசி 2016 (நம்ம நாட்டு பில்டிங் கோட்) படி மாடிப்படி கதவு 120 நிமிஷம் தாங்கணும், தொறந்து கெடந்தா ஒரு நிமிஷம் தாங்காது.

ராயபுரத்துக்காரன்_லண்டன்ல:
பொறந்தது ராயபுரம், இப்ப லண்டன்ல ஒரு டவர் பிளாட்ல குடியிருக்கேன். இங்க கிரென்பெல் டவர்ங்கிற அபார்ட்மெண்ட்ல 2017 ஜூன் 14ஆந் தேதி தீப்பிடிச்சு 72 பேர் செத்தாங்க, அந்த விசாரணை ரிப்போர்ட்ல பல வீட்டு வாசக்கதவு தானா மூடலன்னும் அதனால புகை லாபிக்குப் போச்சுன்னும் எழுதியிருக்கு. அதுக்கப்புறம் இங்கிலாந்துல 11 மீட்டருக்கு மேல இருக்கிற குடியிருப்புல வாசக்கதவ வருஷம் ஒரு தடவையாவது செக் பண்ண முயற்சி எடுக்கணும், பொதுக் கதவ மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்னு சட்டமே வந்துடுச்சு. யூடியூப்ல இங்கத்த வீடியோ பாத்து "எஃப்டி 30 போதும்"னு முடிவு பண்ணிடாதீங்க, அது 30 நிமிஷக் கதவு, பெரும்பாலும் 44 மில்லி கனம், இங்க வீட்டுக்குள்ள ஹாலுக்குத் தொறக்குற ரூமுக்கெல்லாம் போடுறது. உங்க வாசலுக்கு எத்தன நிமிஷம்னு அந்தத் தகட்டுலயும் பயர் அப்ரூவல் பேப்பர்லயும் பாருங்க. பெயிண்ட் ரிமூவர தொட்டு மெதுவா துடைங்க, சுரண்டாதீங்க, எழுத்தும் சேந்து போயிடும்.

தண்டையார்பேட்டை_வாசி:
எல்லாருக்கும் தேங்க்ஸ். தகட்ட துடைச்சுப் பாத்தேன், 120னு தெளிவா இருக்கு. அதே ரேட்டிங்ல செட்டா கொட்டேஷன் கேட்டிருக்கேன், தேக்கு கேன்சல். வீட்டுல டிஜிட்டல் லாக் கேக்குறாங்க, கதவு மாட்டுனதுக்கு அப்புறமா ஓட்டை போட்டு மாட்டிக்கலாமா? மாமியார எப்படி சமாளிக்கிறது?

சைட்டுக்காரன்:
ஓட்டை வீட்டுல வெச்சுப் போடாதீங்க. எந்த லாக்குன்னு இப்பவே கம்பெனிகிட்ட சொல்லுங்க, அந்த லாக்க கதவோட டெஸ்ட் பண்ணியிருந்தா பேக்டரியிலயே வெட்டி அனுப்புவான், இல்லன்னா அந்த மாடல விட்டுடுங்க. மேஜிக் ஐயும் (வெளிய யாருன்னு பாக்குற கண்ணாடி ஓட்டை) அதே கதைதான். மாமியாருக்கு கஜலட்சுமிய தனிப் பலகையில செதுக்கி நிலைக்கு மேல சுவத்துல மாட்டிக் குடுங்க, மாவிலைத் தோரணத்துக்கும் ஆணிய அங்கயே சுவத்துல அடிங்க, நிலையில வேணாம்.