பழைய வீட்டு வெளிச்சுவரில் காரை பெயர்ந்த இடங்களை எதைக் கொண்டு பூசுவது?

கேள்வி (பள்ளத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்விக வீட்டின் தெருப்பக்கச் சுவரில், இடுப்பளவு உயரத்துக்குள், ஆங்காங்கே காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. சில இடங்கள் உள்ளங்கை அகலம், சில முறத்தளவு. சில ஆண்டுகளுக்கு முன் இதே சுவரில் ஒரு கொத்தனாரைக் கொண்டு சிமெண்ட் கலவையால் ஒட்டுப்போட்டோம். அந்த ஒட்டுகள் கெட்டியாகவே நிற்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் பழைய காரை உப்புப் பூத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. சுவர் முழுவதையும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசிவிடலாம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இப்போது ஆவணி, ஐப்பசி மழைக்கு முன் இந்த இடங்களை மட்டும் சரிசெய்ய வழியுண்டா?

பதில் (காரைக்குடி, கட்டடப் பொறியாளர்)

ஐயா, முழுச்சுவரையும் கொத்த வேண்டாம். சுத்தியலின் மரப்பிடியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காரை சுவரைப் பிடித்திருக்கிறது, பொத்தென்று கேட்டால் விட்டுப்போயிருக்கிறது. பொள்ளலாக ஒலிக்கும் பகுதியைக் கரிக்கட்டியால் வட்டமிட்டு, அதை மட்டும் எடுத்தால் போதும்.

சிமெண்ட் ஒட்டைச் சுற்றி உதிர்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் காரையின் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைப்பதால், ஈரம் பக்கத்திலிருக்கும் மென்மையான காரைக்குத் திரும்புகிறது. தண்ணீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே படிகமாகி, காரையை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. ஆகவே புதிய பூச்சு பழைய சுவரைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும்.

அதற்கும் முன்னால், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, தெருவைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டதில் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா என்று கவனியுங்கள். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல காரை பூசினாலும் அது மறுபடி பெயரும்.

பதில் (கானாடுகாத்தான், கொத்தனார்)

பொறியாளர் சொன்னது சரி. வேலை செய்யும் முறையை நான் சொல்கிறேன்.

கொத்திய இடத்தின் ஓரங்களைச் சரிவாக விடாமல், நேராக, உட்பக்கம் சற்று அகன்றிருக்கும்படி வெட்டுங்கள். அப்போதுதான் புதிய காரைக்குப் பிடி கிடைக்கும். செங்கல் இடுக்குகளில் உதிர்ந்து நிற்கும் பழைய கலவையை அரை அங்குல ஆழம் சுரண்டி, காய்ந்த தூரிகையால் உப்பையும் தூசியையும் தட்டிவிட வேண்டும். உப்பை முதலிலேயே தண்ணீர்விட்டுக் கழுவினால் அது மறுபடி சுவருக்குள் இறங்கிவிடும். பூசுவதற்கு முந்தைய மாலையும் அன்று காலையும் தண்ணீர் தெளியுங்கள். சுவர் குளிர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது.

நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட தண்ணீரில் குழைத்தால் கலவை வழவழப்பாக வரும், வெடிப்பும் குறையும். பள்ளம் ஆழமாக இருந்தால் ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முதல் பூச்சை ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு, விரல்நகம் பதியாத அளவுக்கு இறுகிய பிறகு அடுத்ததைப் பூசுங்கள். மேல்பூச்சை இரும்புக் கரண்டியால் மழமழவென்று இழைக்காமல், மணியாசுக்கட்டையால், அதாவது பூச்சைச் சமன்செய்யும் கைப்பிடி வைத்த மரக்கட்டையால், தேயுங்கள். மறுநாள் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், லேசாக நனைத்து அதே கட்டையால் அழுத்தினால் மூடிக்கொள்ளும்.

பதில் (தேவகோட்டை)

மழை நெருங்குவதால் கலவையில் ஒரு கை சிமெண்ட் சேர்த்தால் விரைவில் இறுகாதா? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

பதில் (காரைக்குடி, கட்டடப் பொறியாளர்)

நான் அதை ஏற்கமாட்டேன். கொஞ்சமாகச் சேர்க்கும் சிமெண்ட் காரைக்குப் போதிய வலுவைத் தராது. சுண்ணாம்பு தனக்கே உரிய முறையில் இறுகுவதையும் கெடுக்கும். விரைவாக இறுக வேண்டுமென்றால் செங்கல் தூள் சேருங்கள். அதிகம் வேகாத செங்கல்லை இடித்துச் சலித்த மாவு சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். மணலில் ஒரு பங்கைக் குறைத்து அதற்கு ஈடாக இதைப் போடலாம். வெறும் சுண்ணாம்புக் காரையோ காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாகிறது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும், இடையில் லேசான ஈரமும் வேண்டும். எனவே நனைத்த சாக்கைச் சுவரில் படாமல் முன்னால் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது வெயிலையும் காற்றையும் தடுங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் கடைசிப் பூச்சு முடிந்தால் மழைக்கு முன் ஒரு மாதம் கிடைக்கும். முடியாது என்று தெரிந்தால் ஓரங்களை மட்டும் காரையால் அடைத்துவிட்டு, மீதியைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பழைய சிமெண்ட் ஒட்டுகளையும் எடுத்துவிட வேண்டுமா? புதிய திட்டு தனியாகத் தெரியாமலிருக்க பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கலாமா?

பதில் (கானாடுகாத்தான், கொத்தனார்)

எமல்ஷன் வேண்டாம், அதுவும் சிமெண்டைப் போலவே ஈரத்தை அடைக்கும். காரை நன்றாகக் காய்ந்த பின் சுவர் முழுவதற்கும் சுண்ணாம்பு வெள்ளையை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடித்தால் நிறம் ஒன்றிவிடும். சிமெண்ட் ஒட்டுகளில் தட்டினால் பொத்தென்று கேட்பவற்றை எடுங்கள். இறுகப் பிடித்திருப்பதை உளி வைத்துப் பெயர்த்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வரும். அதைச் சுற்றியுள்ள காரையை மட்டும் சரிசெய்துவிட்டு, அது தானே விடும்வரை இருக்கட்டும். சுண்ணாம்பு ஊறவைக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.