நுரையீரல் ஆய்வுகளில் நீங்கள் சந்தித்த மனிதர்கள்

கோவையிலிருந்து

அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசியும் பீடியும் சேர்ந்து சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் கொண்டுபோய் விட்டது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய ஆய்வு ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். யாருக்கு எந்தக் குழு என்பது குலுக்கல் மாதிரிதான்; உறையைப் பிரித்தால் அவருக்கு விழுந்தது கண்ட்ரோல் குரூப், அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குழு. வழக்கமான இன்ஹேலர் மட்டும்தான், பயிற்சியெல்லாம் ஆய்வு முடிந்த பிறகு. "சும்மா இருக்கறதுக்கு எதுக்குங்க கையெழுத்து?" என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

நான் சொல்ல வந்தது நடையை அளக்க வந்த பெண்ணைப் பற்றி. 30 மீட்டர் வராந்தா, கையில் ஸ்டாப்வாட்ச். அப்பா ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் எந்தக் குழு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியக் கூடாதாம். வந்ததுமே, "ஐயா, எந்தக் குரூப்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். அப்பா நன்றாகத் தலையாட்டிவிட்டு, "நம்மளைத்தான் சும்மா உட்கார வெச்சுட்டாங்களே அம்மிணி" என்றார். அவள் கோபப்படவில்லை. படிவத்தில் எதையோ குறித்துவிட்டு, வேறொருவரை அனுப்பினாள்.

வந்தவர் இன்னும் கறார். நிமிடத்துக்கு ஒருமுறை, "நல்லா நடக்கறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு", "இன்னும் மூணு நிமிஷம்". வேறு ஒரு வார்த்தை கிடையாது. அப்பா மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்தபோது நான் பக்கத்தில் போகப் பார்த்தேன், கையை நீட்டித் தடுத்துவிட்டார். ஏன் இவ்வளவு கல்நெஞ்சம்?

இங்கிலாந்து லெஸ்டரிலிருந்து, பிசியோ

கல்நெஞ்சமெல்லாம் இல்லைங்க. இந்தச் சோதனையில் நடக்கும் தூரம் சுமார் 30 மீட்டர் கூடினால்தான் நோயாளிக்கே தெரிகிற முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். "வாங்க வாங்க, இன்னும் கொஞ்சம்" என்று ஒருவர் உற்சாகப்படுத்தினாலே அந்த அளவுக்குக் கூடிவிடும் என்று 1984-லேயே பார்த்துவிட்டார்கள். அப்புறம் பலன் பயிற்சியாலா, பக்கத்தில் நின்றவர் வாயாலா என்று எப்படிச் சொல்வது?

இங்கே நாங்கள் அதிகம் வைப்பது ஷட்டில் நடை, ஆய்வாளர் சாலி சிங்கும் அவர் குழுவும் 1992-ல் வெளியிட்டது. 10 மீட்டர் பாதை, இரண்டு முனையிலும் கூம்பு, பீப் சத்தத்துக்குள் அடுத்த கூம்பைத் தொட வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் வேகம் ஏறும். குஜராத்திப் பாட்டி ஒருவர், சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக, அந்தப் பீப்பைத் திட்டிக்கொண்டே நடப்பார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

உங்கள் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். 2000-ல் வெளியான, பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த மறுவாழ்வுப் பயிற்சி ஆய்வில் 200 பேர். அடுத்த ஓராண்டில் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்களில், பயிற்சி பெறாதவர்கள் சராசரியாக 21 நாள் படுத்தார்கள், பெற்றவர்கள் 10 நாள் சொச்சம். அந்த 21 என்ற எண்ணைக் கொடுத்தது அப்பா மாதிரி 'சும்மா' இருந்தவர்கள்தான்.

சென்னையிலிருந்து, ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

டாக்டர் பெயர்தான் கட்டுரையில் வரும். என் வேலை ஆய்வில் சேர்ந்தவர்களுக்குப் போன் போட்டு வரவழைப்பது. பேத்திக்குச் சீமந்தம், மழை, பஸ் இல்லை, "இப்ப நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று எல்லாக் காரணமும் கேட்டாகிவிட்டது. ஒருநாள்கூடப் பயிற்சிக்கு வராதவரும் கணக்கில் பயிற்சிக் குழுவிலேயேதான் இருப்பார். வந்தவர்களை மட்டும் எண்ணினால், ஏற்கனவே தெம்பாக இருந்தவர்கள் ஜெயித்த கதையாகிவிடும். அதனால் கடைசி அளவீட்டுக்காவது வந்துவிடுங்கள் என்று கெஞ்சுவேன். வீட்டம்மாவிடம் பேசினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கோவையிலிருந்து

பிசியோ சொன்னதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப எனக்குச் சம்பளம் தரணுமே" என்கிறார். இப்போது அவர் முறை வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் சைக்கிள், படி ஏறுவது, உதட்டைக் குவித்து மூச்சு விடுவது. யாராவது இப்படி ஓர் ஆய்வில் சேர்வதானால், கையெழுத்துப் போடும் முன் போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்குத் தந்தார்கள், கேட்ட பிறகு.